நங்கை நீந்திய கடல்

என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது பட்டறையில் வைத்துத்தான் தெரிய வந்தது. கோவை கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. பம்ப் செட்டுக்கு வேண்டிய வார்ப்புகளைக் கடைந்து கொடுக்கும் வேலை. ஒரு நாள் மத்தியானம் லேத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "மாத்திரை பாதி வேலைதானுங்க செய்யும். ஒரு வாரம் எங்கியாச்சும் போய்ச் சும்மா இருங்க" என்றார்.

சும்மா இருப்பது இவருக்குத் தெரியாத வேலை. வீட்டில் படுக்க வைத்தால், பின்னால் ஓடும் மெஷின் சத்தத்தைக் கேட்டே, "ரெண்டாவது லேத்துல டூல் மழுங்கிப் போச்சு" என்று எழுந்து போய்விடுவார். ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரியில் படகுக்காரரிடம் படகின் மோட்டார் எந்த ஊர் மோட்டார் என்று விசாரித்தார். அறைக்கு வந்து பட்டறைக்குப் போன் போட்டார். போனை வைத்ததும், "மேட்டுப்பாளையம் பஸ் எத்தன மணிக்கு?" என்றார். பொழுது சாய்வதற்குள் கணபதிக்கே திரும்பி வந்துவிட்டோம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் கிரேக்க வியாபாரி வந்தார். அப்போது தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வார்ப்புகள் கப்பலேறத் தொடங்கியிருந்தன. அவர் ஆண்டுக்கொரு முறை கோவைக்கு வருவார். பருத்த உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஹோட்டலில் சாப்பிடமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டு, போதும் என்று சொல்லத் தெரியாமல் சாப்பிடுவார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் இங்கிலீஷில் சொன்னார்: "ஏதென்ஸுக்கு வாருங்கள். புது ஆர்டரைப் பேசி முடிப்போம். பிறகு ஒரு வாரம் என் மாமனார் வீட்டில் போய் இருங்கள். சின்னத் தீவு. வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே போன் கிடையாது."

ஆர்டர் என்ற சொல்லில் இவர் காதைத் தீட்டினார். போன் கிடையாது என்ற சொல்லில் நான் தீட்டினேன்.

பயணம் சொல்லிக்கொள்வதற்காகச் சூலூருக்குப் போனோம். அங்கேதான் இவருடைய அக்கா இருந்தார். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் தவறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தறிக் கூடத்தை மகன் பார்த்துக்கொண்டான். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. ஆனால் குரல் மட்டும் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்.

விஷயத்தைச் சொன்னதும் நங்கை இவரைப் பார்த்து, "காசிக்குக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே இத்தன வருசத்த ஓட்டிப்போட்ட. இதுக்காச்சும் என்னையக் கூட்டிட்டுப் போ, தம்பி" என்றார்.

"அங்க நம்ம கோயில் ஒண்ணும் இல்லீங்கக்கா."

"பரவால்ல. நான் என்ன வேண்டிக்கிட்டா வாரேன்?"

நங்கையின் மகனே பாஸ்போர்ட்டுக்கு அலைந்தான். குக்கர், அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு பம்பாய் போய் விமானம் ஏறினோம்.

ஏதென்ஸில் ஆர்டர் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் வியாபாரி எங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு, போய்ச் சேரும் தீவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. இன்றைக்கும் நுழையாது. கப்பல் போன நேரமெல்லாம் நங்கை ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. இப்படி ஒரு நீலத்தைச் சேலையில்கூடப் பார்த்ததில்லை என்றார்.

தீவில் இறங்கியபோது உச்சி வெயில். எங்களோடு இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களும் சந்துகளில் மறைந்துவிட்டார்கள். கடைகள் சாத்தியிருந்தன. சன்னல்கள் சாத்தியிருந்தன. தெருவில் இரண்டு பூனைகள் மட்டும் நிழலில் படுத்திருந்தன.

"ஏதோ பந்த் போலிருக்குது" என்றார் இவர்.

"எழவு விழுந்திருக்கும்" என்றார் நங்கை.

துறைமுகத்துக் காப்பிக் கடையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். இவர் தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் கண்ணைத் திறந்து மூன்று பேரையும் பார்த்தார். வியாபாரி முன்பே சொல்லி வைத்திருப்பார் போல, சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து இவர் கையில் கொடுத்தார். மேட்டில் தெரிந்த ஒரு வீட்டைக் கையால் காட்டினார். காட்டிய கையை இறக்குவதற்குள் மறுபடி தூங்கிவிட்டார். அந்த ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும்வரை எல்லாரும் தூங்குவார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வீடு சின்னது. சுண்ணாம்பு அடித்த சுவர், நீலக் கதவு, இரண்டு அறை, ஒரு அடுப்படி. சன்னலைத் திறந்தால் கடல். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று. சாயங்காலம் நங்கை சேலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா வந்து நின்றார். கருப்புக் கவுன், கருப்புத் துணியால் தலைக்கட்டு. நங்கை வயதுதான் இருக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா தன் கருப்பு உடுப்பைத் தொட்டு, வானத்தைக் காட்டினார். நங்கை தன் வெள்ளைச் சேலையைத் தொட்டு, வானத்தைக் காட்டினார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு தட்டு நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தார்.

நங்கை அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னார்: "அவிய ஊட்டுக்காரரும் போயிட்டாராமா. இந்த ஊர்ல இதுக்குக் கருப்புத்தான் கட்டுவாங்களாட்ட இருக்குது."

அதற்கப்புறம் அவர்களுக்குப் பாஷை ஒரு தடையாகவே இல்லை. நங்கை சூலூர்த் தமிழில் பேசுவார். அந்த அம்மா கிரேக்கத்தில் பேசுவார். சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார்கள். பிறகு நங்கை வந்து எனக்குச் செய்தி சொல்வார்: "மூத்தவன் கப்பல்ல வேல பாக்கறானாமா. எளையவன் பொண்டாட்டியோட ஒத்துப் போகலியாமா."

"உங்களுக்கு எப்பிடீங்க நங்கை தெரியும்?"

"அதான் இவ்வளவு நேரம் சொன்னாங்கல்ல, கண்ணு. நீ கேக்கலியா?"

இவர் பாடுதான் திண்டாட்டம். முதல் நாள் ஊரைச் சுற்றினார். ஊர் சீக்கிரமே முடிந்துவிட்டது. மறுநாள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். ஆடிய மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தார். அதற்குமேல் அந்த வீட்டில் கெட்டுப்போன பொருள் எதுவும் மிச்சமில்லை. வந்து என் எதிரில் நின்றார்.

"இங்க மனுசன் என்னதான் பண்றது?"

"சும்மா இருக்கோணுமுங்க."

"அது தெரியுது அம்மணி. அதுக்கு என்ன பண்ணோணும்?"

மூன்றாம் நாள் காப்பிக் கடையில் போன் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. பட்டறையை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை பேசினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். போனவர் திரும்பி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்பறம் ஏனுங்க இப்பிடி உக்காந்துட்டீங்க?"

"எல்லாம் நல்லா நடக்குதாமா. சரக்கு நேத்தே போயிருச்சாமா. இந்த வாரம் பாத்து கரண்டுகூடப் போகலியாமா." ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "'நீங்க ஒண்ணும் அவசரப்பட்டு வர வேண்டாமுங்க மச்சான்'னு சொல்றான் உன்ற தம்பி."

சிரிப்பை அடக்கத் தெரியாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த கூரை, கையை எடுத்த பிறகும் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி தயிரை ஊற்றினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நங்கை வந்து என்னை எழுப்பினார்.

"அம்மணி, உன்ற நைட்டி ஒண்ணு குடு."

"எதுக்குங்க நங்கை?"

"பக்கத்தூட்டம்மா கடலுக்குக் கூப்புடறாங்க."

கோவை ஒப்பணக்கார வீதியில் வாங்கிய சிவப்பு நைட்டி ஒன்றுதான் துவைத்துக் காய்ந்திருந்தது. உடம்பு முழுக்க மஞ்சள் பூ. நங்கை அதை விரித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "இத்தவிட மங்கலா ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "செரி, தண்ணிக்குள்ள யாரு பாக்கறா" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். துணைக்கு நானும் போனேன்.

வீட்டுக்குக் கீழே கடல் சிறு வளைவாக உள்ளே வந்திருக்கும். அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த அம்மாவும் அவர் வயதுப் பெண்கள் மூன்று பேரும் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். தலையில் ஓலைத் தொப்பி வைத்துக்கொண்டு கழுத்தளவு நீரில் வட்டமாக மிதந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பேசுவார்களே, அதே பேச்சு, அதே கை ஆட்டல். குடம் மட்டும்தான் இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. நங்கை நைட்டிக்குமேல் சுற்றி வந்த சேலையை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். நங்கை ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மெதுவாக இறங்கினார். இடுப்பளவு போனதும் நைட்டிக்குள் காற்றுப் புகுந்து பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டது. அந்தப் பெண்கள் சிரித்தார்கள். நங்கையும் சிரித்தார். நைட்டியைத் தட்டி அமுக்கிவிட்டு, தலையைத் தண்ணீருக்குள் விட்டார்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்களைப்போல நங்கை அங்கேயே மிதக்கவில்லை. கையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வளைவின் வாயில் மஞ்சள் படகு ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. அதை நோக்கிப் போனார். தொப்பிக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் பயப்படுவதற்கும் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நிதானம் அந்தக் கைகளில். படகைத் தொட்டதும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அந்த நேரத்தில்தான் காப்பிக் கடைக்குப் போவதற்காக இவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். இவர் கண்ணில் பட்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கரையில் நான் தனியாக நிற்கிறேன். என் காலடியில் அக்காவின் வெள்ளைச் சேலை கிடக்கிறது. தூரத்துக் கடலில் ஒரு தலை, தூக்கிய கை. "அக்கா" என்று ஒரு சத்தம்தான் எனக்குக் கேட்டது. "ஏனுங்க, நில்லுங்க" என்று நான் சொல்வதற்குள் பேண்ட்டு, சட்டை, ஷூவோடு தண்ணீரில் பாய்ந்துவிட்டார். தொப்பிக்காரப் பெண்கள் அலறிக்கொண்டு வழிவிட்டார்கள்.

படகுக்குப் பக்கத்தில் நடந்த பேச்சை அவர்கள் இரண்டு பேரும் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க வாங்க இவர் போய்ச் சேர்ந்ததும் நங்கை கேட்ட முதல் கேள்வி, "ஏந்தம்பி, சூவக் கழட்டிப்போட்டு வரப்படாதா?"

இவர் படகைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு நீச்சல் தெரியுமாங்கக்கா?" என்றார்.

"நீ தொட்டல்ல கெடந்த காலத்துலயே தெரியும். நம்ம தோட்டத்துக் கெணத்துல, தண்ணி எறைக்கற தொலாக் கல்லு மேலயிருந்து குதிப்பேன். கண்ணாலத்துக்கு அப்பறம் எறங்குல."

"ஏனுங்க? மாமன் ஊட்டுலயும் கெணறு இருந்துச்சல்ல?"

"இருந்துச்சு. மருமவ கெணத்துல குதிச்சா, நீந்தறான்னா நெனைப்பாங்க?"

இதைக் கேட்டு இவருக்கு முதலில் சிரிப்பு வந்ததாம். சிரித்து முடித்ததும், கிணற்றுக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாராம். அக்கா கல்யாணமாகிப் போனபோது இவர் அரைஞாண் கயிற்றோடு ஓடித் திரிந்த பையன். அக்கா கிணற்றில் குதித்து நீந்தியவர் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

எனக்குக் கரையில் வேறு கவலை. டாக்டர் சும்மா இருக்கச் சொன்னாரே தவிர, இப்படிப் பாயச் சொல்லவில்லை. அவர்கள் வருவதாகத் தெரியவில்லை. படகின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். திரும்பும்போதும் மெதுவாக, பக்கத்தில் பக்கத்தில், அவசரமே இல்லாமல் வந்தார்கள். இவர் முகம் தெளிந்திருந்தது. ஷூவிலிருந்து தண்ணீரைக் கவிழ்த்தார். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது நின்றுவிட்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அப்போதே கழற்றிப் பார்க்க உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அதைச் சன்னல் கட்டையில் வைத்ததோடு சரி.

மத்தியானம் பக்கத்து வீட்டம்மா சின்னச் சின்ன மீனை மாவில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்தார். நான் அரிசிம்பருப்பு வைத்தேன். சுவரைத் தாண்டி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட அந்த அம்மா, சாதத்தின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டார். நங்கையும் பிழிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். சாப்பிட்டு முடித்ததும் இவர் படுத்தார். ஊரோடு சேர்ந்து தூங்கினார். வெயில் தாழ்ந்து ஊர் எழுந்த பிறகும் இவர் எழவில்லை. மூச்சு வருகிறதா என்று நான் இரண்டு தடவை மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து, "பசிக்குது" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பகல் தூக்கத்திலிருந்து இவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கிளம்ப வேண்டிய நாளில் கப்பல் வரவில்லை. பெருங்காற்று. வெளிக் கடல் முழுக்க வெள்ளை நுரை. காப்பிக் கடைக்காரர் வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். கப்பல் இல்லை என்று புரிந்தது. ஏதென்ஸில் விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது என்றாலும், இவர் கோபத்தில் குதிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். ஆனால் இவர், "செரி, வாரப்ப வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரோடு தாயம் உருட்ட உட்கார்ந்தார். நம் தாயம் இல்லை, அவர்கள் ஊர் ஆட்டம். மரப் பலகையில் காய் நகர்த்துவது. தோற்றுக்கொண்டே இருந்தார். மறுநாளும் காற்று. அன்று சாயங்காலம் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு கடைக்காரரிடம் இங்கிலீஷில், நாளைக்கும் காற்று இருக்குமா என்று கேட்டார். இல்லை, அடங்கிவிடும் என்றார் அவர். இவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நங்கை ஒரு நாள் விடாமல் கடலுக்குப் போனார். காற்றடித்த நாட்களில்கூட அந்த வளைவுக்குள் தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. நாலு தொப்பி ஐந்தாயிற்று. ஐந்தாவது தொப்பி பக்கத்து வீட்டம்மா கொடுத்தது.

கிளம்பும் காலையில் நங்கை தன் வெள்ளைச் சேலைகளில் புதிதாக இருந்ததை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவருக்கு அந்தத் துணியின்மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். உடுத்திக்கொள்ளத் தெரியாது என்பதால் தோளில் போட்டுக்கொண்டே துறைமுகம்வரை வந்தார். கப்பல் நகர்ந்தபோது கருப்புக் கவுனும் வெள்ளைச் சேலையுமாகக் கரையில் நின்று கையாட்டினார். நங்கை அழவில்லை. "அடுத்த வாட்டி மொளகாப் பொடி கொண்டாந்து குடுக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

விமானத்தில் நங்கையின் சேலைமேல் குழம்பு கொட்டிவிட்டது. மாற்றுச் சேலை பெட்டிக்குள் எங்கேயோ அடியில். பம்பாயில் என் கைப்பையிலிருந்த இளம்பச்சைச் சேலையைக் கொடுத்தேன். இந்த முறை நங்கை எதுவும் கேட்கவில்லை. கட்டிக்கொண்டார். கோவை விமான நிலையத்தில் அழைக்க வந்திருந்த மகன் ஒரு கணம் அம்மாவை அடையாளம் தெரியாமல் தாண்டிப் பார்த்தான். பிறகு ஓடி வந்து பெட்டியை வாங்கினான். காரில் பாதி வழி போன பிறகுதான் வாயைத் திறந்தான். "நல்லாருக்குதுங்கம்மா" என்றான். நங்கை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தை மாதம் உறவில் ஒரு சீருக்காகக் கொடுமுடி போனோம். எல்லாரும் காவிரியில் இறங்கி முழுக்குப் போட்டார்கள். நங்கை முழுக்கோடு நிற்கவில்லை. இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆழத்துக்குப் போனார். படித்துறையில் பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு பெரியம்மா, "யாராச்சும் போங்க, அந்தப் புள்ளையப் புடிங்க" என்று கத்தினார்.

இவர் கரையில் உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டிருந்தார். "விடுங்க பெரிம்மா, வந்துருவாங்க" என்றார்.

நடு ஆற்றில் நங்கை திரும்பி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, தண்ணி சில்லுன்னு நல்லாருக்குது. சித்த எறங்கித்தான் பாரு."

நான் செருப்பைக் கழற்றி இவர் பக்கத்தில் வைத்துவிட்டு, படித்துறைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கினேன். பிறகு இடுப்பளவுக்கு.